நீ எடுத்த, நீ பார்க்காத படம்

தினேஷ், இந்தக் கடிதத்தை அஸ்லம் உனக்குப் படித்துக் காட்டுகிறான். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, உன் அப்பாவிடம் கொடுத்து, வாலாஜாவில் அஸ்லம் வீட்டுக்கு அனுப்புகிறேன். அஸ்லம், அவன் நடுவில் எழுந்து போனால் பின்னாலேயே போய்ப் படி. கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நின்று சத்தமாகப் படி. உன் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. வெட்கப்படுவதற்கெல்லாம் இன்று எனக்கு நேரமில்லை.

காலையில் கம்பெனியில் தையலைச் சரிபார்க்கிற செக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனிக்குள் போன் வைத்துக்கொள்ள யாரையும் விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்று சூப்பர்வைசரிடம் அழுது, எனக்கு மட்டும் அனுமதி வாங்கி இடுப்பில் செருகி வைத்திருந்தேன். இத்தனை மாதமாக அது சும்மாவே கிடந்தது. இன்று அடித்தது. உனக்குப் பொருத்தக் கருவிழி கிடைத்திருக்கிறதாம். நாளைக் காலையில் உன்னை அழைத்துக்கொண்டு வேலூருக்கு வந்து சேர வேண்டுமாம். கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு பாத்ரூமுக்குள் ஓடி அஸ்லமுக்கு போன் செய்தேன். அவன் உன்னிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். அவன் “அம்மா” என்று இழுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. “வேணாம்னு சொல்லிடச் சொல்றான்மா. வேற யாருக்காச்சும் வைக்கட்டுமாம்” என்றான். நான் அதை ஆஸ்பத்திரிக்குச் சொல்லவில்லை. “வர்றோம்” என்று சொல்லிவிட்டேன். உன் கண்ணைப் பற்றி உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபப்படு. எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. ஆனால் இதை முழுதாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும்தான். ஆனால் நீ கட்டிலில் படுத்திருந்த பக்கத்திலிருந்து தெரியும். நான் நின்ற பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்கிறேன்.

கேமராவை நீ வாங்கி வந்த நாட்களில் எனக்கு அது ஒரு பேஜாராகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பின்அறை உன் வசம். ஜன்னலுக்குப் போர்வை, சுவரில் கறுப்புச் சார்ட், கீழே தட்டு, மேலே மெடிக்கல் கடையில் வாங்கிய குளுக்கோஸ் ட்யூப். டீக்கு வைத்திருந்த பாலைத் தட்டில் ஊற்றிவிட்டு, சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். தண்ணீர் வண்டிக்கு நாங்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் சித்திரையில், உன் அறையில் சொட்டுச் சத்தம் கேட்டால் எனக்கு எரியும். கல்யாணத்தைப் போட்டோ எடுப்பார்கள், காதுகுத்தை எடுப்பார்கள், சொட்டுத் தண்ணீரை எடுக்கிறவனை எங்கே பார்த்தோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பேன். ஒருநாள் நீ என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து ஒரு படத்தைக் காட்டினாய். சமையலறைக் குழாயின் முனையில் தொங்கிய ஒரு சொட்டு. அதைப் பெரிதாக்கினாய். அதற்குள் நம் ஜன்னல் இருந்தது, கம்பிகளோடு, தலைகீழாக. ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்த என் புடவையும் இருந்தது. நான் தினமும் பாத்திரம் தேய்க்கும் குழாய் அது. எழுந்து போய்ப் பால் பாக்கெட் இன்னொன்று வாங்கி வந்தேன். உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று நான் உன்னைப் பாராட்டவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. நீயும் அஸ்லமும் வேலை பார்த்த டேனரியில் தோலிலிருந்து மயிர் எடுக்கிற டிரம்முக்குச் சுண்ணாம்புக் கரைசல் போகிற குழாய், இணைப்பில் விட்டுக்கொண்டு உன் முகத்தில் அடித்தது. அஸ்லம் உன்னைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் போட்டு, நீ அலற அலற இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டான். அவன் கையில் நீ கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் கொஞ்சமாவது மிஞ்சியது அந்தக் குழாயடியில் மிஞ்சியதுதான் என்று டாக்டர் சொன்னார். அஸ்லம், இந்த இடத்தைத் தாண்டிப் போகாதே. இதையும் படி.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவன் தண்ணீருக்குப் பயந்தவனாக வந்தாய். முகம் கழுவ மாட்டாய். நான் ஈரத்துணியால் துடைக்க வந்தால்கூடக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வாய். சமையலறையில் பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் கட்டிலில் உன் கால் தூக்கிப் போடும். மழை பெய்த அன்று போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாய். இரண்டு முறை கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு முறையும் கட்டு அவிழ்த்தபோது உனக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தது. அதற்கப்புறம் நீ பேசுவதை நிறுத்தினாய். கேட்டால் தலையை ஆட்டுவாய், அவ்வளவுதான். நான் கம்பெனியில் தையல் பிசகிய துண்டுகளைப் பார்க்காமல் பெட்டியில் போட ஆரம்பித்தேன். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. எங்களையெல்லாம் கம்பெனிக்கு ஏற்றிப் போகிற பஸ்ஸை ஓட்டும்போது உன் அப்பா பாட்டுப் போடுவதை விட்டுவிட்டார். மாதனூர் நிறுத்தத்தில் ஏறும் பெண்கள்கூட எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு லீவு நாளில் உன் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். நீ மாட்டுகிற மாதிரியே ட்யூபை மாட்டி, தட்டில் தண்ணீர் வைத்து, சொட்ட விட்டேன். எதற்காகச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஏதாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது, செய்தேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த நீ முதலில் உடம்பைக் குறுக்கிக்கொண்டாய். நான் நிறுத்திவிடலாம் என்று கை வைத்தபோது, “இன்னாம்மா சத்தம் அது?” என்றாய். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நீயாகக் கேட்ட கேள்வி. உன் சொட்டுதான் என்று சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, “ஜாஸ்தி வேகமா விழுது. அந்த உருளையக் கொஞ்சம் திருப்பு” என்றாய். நான் திருப்பினேன். அளவு தெரியாமல் திருப்பியதில் தண்ணீர் மொத்தமாக நின்றுபோய், திரும்பத் திறந்து, திரும்ப நின்றுபோய்... நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாய்.

அதற்கப்புறம் வந்த வாரங்களை நான் எப்படிச் சொல்வது? சொட்டு விழுகிற இடத்தில் ஓர் ஆணியைக் குறுக்கே வைத்து, அதன்மேல் கேமராவை ஃபோகஸ் செய்து, ஆணியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். வெறும் தண்ணீர் வேண்டாம், கொஞ்சம் பால் கலந்தால்தான் சிதறுவது நன்றாகத் தெரியும் என்றாய். ப்ளாஷைக் கம்மியாக வைக்கச் சொன்னாய், கம்மியாக வைத்தால்தான் அது சட்டென்று மின்னி அணைந்து, துளி அசையாமல் படத்தில் நிற்குமாம். என் விரல் எப்போதும் பிந்தியது. சொட்டு விழுந்து அடங்கிய பிறகுதான் அழுத்துவேன். நீ பொறுக்காமல் வந்து தரையில் உட்கார்ந்து, கேமராவிலிருந்து வரும் ஒயரின் பொத்தானை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். “உனக்குக் கண்ணு முந்திக்குது, கை பிந்துதும்மா. எனக்குக் காதுல கணக்கு வந்துடுச்சு” என்றாய். சொட்டு விழுகிற தாளத்தைக் கேட்டுக் கேட்டு, அடுத்தது விழப்போகிற நேரத்தில் நீ அழுத்தினாய். நான் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் எனக்கு வரவில்லை. “வெள்ளையா இருக்குடா” என்பேன். வெள்ளை என்றால் எங்கே வெள்ளை, எவ்வளவு வெள்ளை என்று கேட்பாய். நான் திணறுவேன். போகப் போக வந்தது. நடுவில் ஒரு தூண் எழும்பி நிற்கிறது, அதன் தலையில் ஒரு உருண்டை, விழலாமா வேண்டாமா என்று நிற்கிறது என்று ஒருநாள் சொன்னேன். நீ சிரித்தாய். பல் தெரியச் சிரித்தாய். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து வாசலில் நின்று அதைப் பார்த்தார். வீடெல்லாம் புளித்த பால் நாற்றம் என்று முதல் நாள்தான் முணுமுணுத்திருந்தார். மறுநாள் பஸ்ஸின் பழைய கைப்பிடிக் கம்பியை வளைத்து, ட்யூப் ஆடாமல் தொங்க ஒரு தாங்கி செய்துகொண்டு வந்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பின்புறம் சொம்பு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நீ குழாயடியில் நின்று, கையில் தண்ணீர் ஏந்தி, உன் முகத்தை நீயே கழுவிக்கொண்டிருந்தாய். மெதுவாக, யாரோ ஒரு குழந்தையின் முகத்தைக் கழுவுவது போல. நான் சத்தம் போடாமல் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குத்தான் இப்போது அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படம் வந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பேசவே இல்லை. இப்போது நான் பேசுகிறேன். நீ அழுத்தினாய், ப்ளாஷ் அடித்தது, நான் திரையைப் பார்த்தேன். கத்திவிட்டேன். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கத்தினேன். நீ கிரீடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதேதான். பால் வட்டமாக ஒரு மெல்லிய சுவர் போல எழுந்து நிற்கிறது. சுவரின் விளிம்பு முழுக்க விரல்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு முத்து. ஒரு முத்து மட்டும் பிய்ந்து தனியாகக் காற்றில் நிற்கிறது. இத்தனையும் மூச்சு விடாமல் உன்னிடம் சொன்னேன். நீ கையை நீட்டினாய். கேமராவைக் கொடுத்தேன். இடது கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனாய், மூக்கு திரையில் இடித்தது. இப்படித் திருப்பினாய், அப்படித் திருப்பினாய். வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னாய், கூட்டினேன். உன் மூச்சுப் பட்டுத் திரை மங்கியது, உன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாய். அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

“வெளிச்சமா இருக்கு. அவ்ளோதான்மா தெரியுது” என்றாய். பிறகு, “அழிச்சிடு” என்றாய்.

நான் மாட்டேன் என்றேன். இவ்வளவு அழகான படத்தை எப்படி அழிப்பது என்றேன். நீ எழுந்தாய். கால் பட்டுத்தான் தட்டு கவிழ்ந்ததோ, நீயேதான் தள்ளினாயோ, எனக்குத் தெரியாது. பால் கட்டிலுக்கு அடியில் வரை ஓடியது. அதில் வழுக்கிக் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாய். நான் ஓடிவந்து பிடித்த கையை உதறிவிட்டு நீ சொன்னதை, ஒரு சொல் விடாமல் இங்கே எழுதுகிறேன். “ரெண்டு வாட்டி கட்டு அவுத்தாங்க. ரெண்டு வாட்டியும் நீங்க எல்லாரும் மூச்சு விடாம எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னீங்க. நீங்க மூச்சு விடாதது எனக்குக் கேட்டுச்சும்மா. மூணாவது வாட்டி என்னால முடியாது.” அஸ்லமுக்கு நீதான் போன் செய்தாய். அவன் வந்து நின்றபோது என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துகொண்டு உன் பையை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் பெண்களெல்லாம் இறங்கிப் போன பிறகும் உன் அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸை ஷெட்டில் விட வேண்டும் என்று பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். நான் ஏறிப் போய்த் தோளைத் தொட்டேன். “ஊர் பொம்பளைங்கள எல்லாம் கொண்டாந்து எறக்கி விடறேன். எம் புள்ளைய எங்க கொண்டு போய் விடறதுன்னு தெரியல” என்றார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நீயும் கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன்.

நீ சொன்னதை நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில், மேசையில், அடுப்படியில். நீ சொன்னது சரி. நாங்கள் உன் கண்ணைப் பார்க்கவில்லை, உன் முகத்தில் எங்களுக்கு வேண்டியது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கண் தெரியாத உன் துக்கத்தோடு எங்கள் ஏமாற்றத்தையும் உன் தலையில் ஏற்றினோம். இந்த முறை கட்டு அவிழ்க்கும்போது நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். உன் அப்பாவும் இருக்க மாட்டார். டாக்டரும் நீயும் மட்டும். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில், சாலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். நீ கூப்பிட்டால் வருகிறோம். கூப்பிடாவிட்டால் உட்கார்ந்தே இருக்கிறோம். என்ன தெரிந்தது என்று நீயாகச் சொல்லும்வரை கேட்க மாட்டேன். ஒரு வாரம் ஆனாலும் கேட்க மாட்டேன். இதை நான் எதன்மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்து தருகிறேன்.

பார்வை வந்துவிடும் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். அதை யாரும் செய்ய மாட்டார்கள். டாக்டரிடம் நேராகக் கேட்டேன். சுண்ணாம்பு பட்ட கண், பொருத்தியது ஒட்டிக்கொள்ளவும் செய்யும், உடம்பு ஏற்காமல் தள்ளிவிடவும் செய்யும், மருந்து வருஷக்கணக்கில் விட வேண்டியிருக்கும் என்றார். இப்படியே விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். இப்போது தெரிகிற வெளிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார். நீ இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறாய், தினேஷ். அந்த இடமும் உன் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. அஸ்லமுக்கு என் எழுத்து புரியாவிட்டால் அதனால்தான். பயந்துகொண்டே வா.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. கேமராவைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்கு மேலே வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை, நானும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. அது உன்னுடையது. அழிக்க வேண்டுமென்றால் ஒருமுறை பார்த்துவிட்டு நீயே அழி. பார்க்க முடியாமலே போனால், அப்போதும் சொல், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் எதிரிலேயே அழித்துவிடுகிறேன். ஆனால் நாளைக்கு முன்னால் கேட்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லலாமா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதல் ஆபரேஷன் பலிக்காத அன்று, நான் டாக்டரின் அறைக்குத் தனியாகப் போய், என் கண்ணில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். உயிரோடு இருப்பவர்களிடம் எடுக்க மாட்டார்களாம். இன்று காலை போனில் பேசிய பெண்ணிடம், இது யாருடைய கண் என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றாள். நான் விடவில்லை. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், ஏதாவது ஒன்று சொல் தாயே என்று கெஞ்சினேன். அவள் குரலைத் தாழ்த்தி, “ஒரு அம்மாவோடதுங்க. அவங்க பையன்தான் கையெழுத்துப் போட்டாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தப் பையன் எங்கே இருக்கிறானோ, இன்று அவன் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. தன் அம்மாவின் கண்ணை, யார் என்றே தெரியாத உனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் உன்னிடம் கேட்பது வாலாஜாவிலிருந்து வேலூர் வரை ஒரு பஸ் பயணம்.

அஸ்லம், காலையில் அவனுக்கு டீ கொடுத்துவிடாதேப்பா. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.